கட்டாயம் நிரப்பவேண்டிய கட்டம்

எங்க ஊர்ல குக்கர் வெடிக்கிற மாதிரி உலகத்துல வேற எங்கேயும் வெடிக்காது. தாயில்பட்டியில ஜெராக்ஸ் மிஷினும் ஒரு கம்ப்யூட்டரும் வச்சுக் கடை போட்டு எனக்குப் பதினாலு வருசமாச்சு. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் திருத்தம், வேலைக்கு மனு, எல்லாம் இந்த ஹெப்சிபா கையாலதான் டைப் ஆகணும். கை போனவுக, கண்ணு போனவுக, கழுத்துத் தோல் தாடையோட ஒட்டிப்போனவுக, அம்புட்டுப் பேருக்கும் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். படிவத்துல ஒரு கட்டம் வரும், ஊனம் எப்படி ஏற்பட்டதுன்னு. "குக்கர் வெடிச்சிருச்சுக்கா" ம்பாக. விறகடுப்புல மண்சட்டி வச்சுப் பொங்குற வீட்டுலகூட குக்கர் வெடிச்சிருக்கும். நானும் ஒண்ணும் பேசாம அடிச்சுக் கொடுப்பேன்.

காரணம் தெரியாம இல்ல. லைசென்ஸ் உள்ள பட்டாசு ஆலையில விபத்துன்னா முதலாளி பேரு வரும், பேப்பர்ல வரும், நாலு பேரு வந்து பாப்பாக. வீட்டுக்குள்ள களவா வச்சுச் செய்யும்போது வெடிச்சா கேஸ் வீட்டுக்காரன் மேலதான். அதனால எல்லாருக்கும் குக்கர்.

எதிர்வீட்டு சொர்ணலட்சுமி மக பாண்டிமீனாவுக்கும் குக்கர்தான். பதினோரு வயசுல நடந்தது. வலது கையில நடுவுல உள்ள மூணு விரலும் இல்ல. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நிக்கும். அந்த ரெண்டு விரலை வச்சே சடை பின்னுவா, ஊசியில நூல் கோப்பா. எழுதுறது இடது கையில. சாப்பிடுறது மட்டும் வலது கையிலதான், அந்த ரெண்டு விரலாலயே. பீச்சாங்கையால சோறு திங்கக் கூடாதுன்னு சொர்ணம் ஒத்தக்கால்ல நின்னு பழக்கி வச்சிருந்தா. எனக்கு அதப் பாத்தாலே ஆத்திரமா வரும். "பிள்ளைய ஸ்பூன்லயாவது திங்க விடேன்"னு எத்தனையோ தடவை கத்தியிருக்கேன்.

சொர்ணம் ஆலையில பேக்கிங் பிரிவுக்குப் போறவ. காலையில ஆறரைக்கு ஆலை வேன் வந்து ஏத்திட்டுப் போகும், சாயங்காலம் அஞ்சரைக்கு நகக்கண்ணுல வெள்ளிப் பொடியோட கொண்டுவந்து இறக்கும். அவ வீட்டுக்காரர் அய்யாதுரை லாரியில லோடு ஏத்துறவர். சீசன் நேரத்துல வாரக்கணக்கா வீட்டுக்கு வரமாட்டார். வீட்டுல வச்சுப் பட்டாசு செய்யுறத மீனாவுக்கு அப்படி ஆன அன்னைக்கே விட்டுட்டாக. ஆனா சொர்ணம் ஒவ்வொரு ஆடிக் கடைசி வெள்ளிக்கும் இருக்கன்குடிக்கு நடந்து போயி, தகட்டுல செஞ்ச கை ஒண்ணு வாங்கி மாரியம்மன் உண்டியல்ல போட்டுட்டு வருவா. "போன விரலு தகட்டுக்குத் திரும்பி வருமா?"ன்னு நான் ஒருக்க கேட்டேன். நான் கிறிஸ்தவச்சி, எனக்கு அது வேண்டாத வேலைதான். அவ ஈரத்துணியக் காயப்போடப் போயிட்டா.

மீனா பி.காம். கடைசி வருசம். வகுப்புல முதல் மூணு பேர்ல ஒருத்தி. ஆனா வேலைன்னு வரும்போது எவனுக்கும் மார்க் கண்ணுல படல, கைதான் பட்டுச்சு. சிவகாசியில ஒரு பட்டாசு ஆபீசுக்குக் கணக்கு எழுதப் போனா. மேனேஜர் நல்லாத்தான் பேசியிருக்கார். கடைசியில, "சீசன்ல வடநாட்டுப் பார்ட்டி எல்லாம் ஆர்டர் கொடுக்க நேர்ல வருவாங்க, அந்த நேரத்துல மட்டும் நீ பின்னாடி குடோன்ல உக்காந்துக்கணும்மா"ன்னு சொல்லியிருக்கார். பட்டாசு வாங்க வர்றவன் கண்ணுல பட்டாசுல போன கை படக் கூடாது, அவ்வளவுதான். மீனா சிரிச்ச முகமா வணக்கம் சொல்லிட்டு வந்துட்டா. எங்கிட்ட வந்து, "பெரிம்மா, அவருகிட்டயும் குக்கர்னுதான் சொன்னேன். அவரு நம்பவே இல்ல"ன்னா. அடுத்து ஒரு ஜவுளிக்கடையில பில் போடுற வேலை. அங்க துணி மடிச்சும் காட்டணும்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாக.

மூணாவதா இந்த மேளா. அவ காலேஜ்ல வேலைவாய்ப்பு பாக்கிற தேவமணி மேடம் வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாக. விருதுநகர்ல மாற்றுத்திறனாளிகளுக்குன்னே வேலைவாய்ப்பு முகாம், சனிக்கிழமை. அதுல கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணு வருது, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கேட்டு வர்ற பேப்பரை எல்லாம் படிச்சுச் சரிபாக்கிற வேலை, மதுரையில ஆபீஸ், உக்காந்து பாக்கிறது. "பாண்டிமீனாவுக்குன்னே செஞ்ச வேலை மாதிரி இருக்கு, விட்டுறாதீங்க"ன்னு எனக்கும் போன் பண்ணிச் சொன்னாக.

வியாழக்கிழமை சாயங்காலம் என் கடையில உக்காந்து படிவத்தை நிரப்பினோம். பங்குனி வெயில் தகரக் கூரையில இறங்கி உள்ள அடுப்பா இருந்தது. சொர்ணமும் வேன்ல இருந்து இறங்கி நேரா வந்துட்டா. அய்யாதுரையும் அன்னைக்கு ஊர்ல இருந்தார், வாசப்படியில குத்தவச்சு உக்காந்திருந்தார். பேரு, ஊரு, மார்க்கு எல்லாம் மடமடன்னு முடிஞ்சது. அந்தக் கட்டம் வந்தது.

"பெரிம்மா, அத வெறுமனே விட்டுரலாமா?"ன்னா மீனா.

"விட்டா அடுத்த பக்கம் போகாதுடி. செவப்பு நட்சத்திரம் போட்டிருக்கான், கட்டாயம் நிரப்பணும்."

"அப்ப விபத்துன்னு மட்டும் போடுங்க."

"என்ன விபத்துன்னு கீழ கேக்கானே."

மீனா அவ அம்மா முகத்தைப் பாத்தா. சொர்ணம் சுவத்துல தொங்குன காலண்டரைப் பாத்தா. வாசல்ல இருந்து அய்யாதுரை குரல் கொடுத்தார். "எப்பவும் போடுறதப் போடுங்க மதினி. எதுக்குப் புதுசா? நாளைப்பின்ன எவனாவது தோண்டிக்கிட்டு வந்தா யாரு போயி நிக்க?"

"ஆமாக்கா. குக்கர்னே போடுங்க"ன்னா சொர்ணம்.

நான் அடிச்சு பிரிண்ட் எடுத்தேன். எனக்கென்ன, பதினாலு வருசமா அடிக்கிற கைதானே.

சனிக்கிழமை சொர்ணம் ஆலைக்கு லீவு சொல்லிட்டு, மக கூட கிளம்பினா. எனக்கும் பொறுக்கல, கடையைப் பூட்டிட்டுப் போனேன். சாத்தூர்ல பஸ் மாறி விருதுநகர் போயிச் சேரும்போது மணி பத்து. காலேஜ் மண்டபம் ஒண்ணுல மேசை மேசையாப் போட்டு வச்சிருந்தாக. சக்கர நாற்காலியில வந்தவுக, வெள்ளைக் குச்சியோட வந்தவுக, காது கேக்காத பிள்ளைக கைவிரலால பேசிக்கிட்டு, எல்லார் கையிலயும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஒவ்வொருத்தரு கூடயும் ஒரு அம்மாவோ அண்ணனோ. இம்புட்டுப் பேரு படிச்சிட்டு இருக்காகளான்னு எனக்கு மலைப்பா இருந்தது. இவுகளை எல்லாம் எந்த ஊர்ல எந்த வீட்டுக்குள்ள வச்சிருந்தாக இவ்வளவு நாளா?

பதினொன்னரைக்கு மீனாவைக் கூப்பிட்டாக. மேசைக்கு அந்தப் பக்கம் அந்தக் கோயம்புத்தூர் கம்பெனி ஆளு, சரவணக்குமார்னு ஒருத்தர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும், சட்டையில பேரு குத்தியிருந்தார். கூட வந்தவுக நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கலாம், ஆனா பேசக் கூடாதுன்னார். நாலு ஃபைலை எடுத்து மீனா முன்னாடி வச்சார். நாலும் பழைய இன்சூரன்ஸ் பேப்பருங்க, பேரு ஊரு எல்லாம் கறுப்பு மையால மறைச்சிருந்தது. ஒவ்வொண்ணையும் படிச்சிட்டு, 'கொடுக்கலாம்', இல்ல 'விசாரிக்கணும்', ரெண்டுல ஒண்ணை டிக் பண்ணி ரெண்டு வரி காரணம் எழுதணும். இருபது நிமிசம்.

மூணு ஃபைலைப் பத்து நிமிசத்துல முடிச்சிட்டா. இடது கை ஓடுற வேகத்தைப் பாத்து பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பாத்தார். நாலாவதைத் திறந்தவ கை அப்படியே நின்னுருச்சு. நான் தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். பன்னெண்டு வயசு ஆம்பளப் பிள்ளை. பிரஷர் குக்கர் வெடித்ததில் வலது கையில் காயம்னு எழுதியிருந்தது. கீழ ஒரு போட்டோ. உள்ளங்கை கிழிஞ்சு, சுத்திக் கறுப்பு கறுப்பாப் புள்ளி. பக்கத்துல சொர்ணமும் அந்தப் போட்டோவை எட்டிப் பாத்தா.

மீனா பேனாவை எடுத்தா, வச்சா. மறுபடியும் எடுத்தா. இருபது நிமிசமும் முடிஞ்சது. நாலாவதை வெறுமனே மடிச்சுக் கொடுத்துட்டா.

அவர் வாங்கிப் பாத்தார். "மூணும் சரி. ரெண்டாவதுல ஆஸ்பத்திரியில சேர்ந்த தேதியும் ரத்தப் பரிசோதனைத் தேதியும் இடிக்கிறதை காலையில இருந்து வந்த யாரும் கண்டுபிடிக்கல. நாலாவதை ஏன் விட்டுட்டீங்க?"

"தெரியல சார்."

"தெரியாதுங்கிற மாதிரி இல்லையே." அவர் மீனாவோட படிவத்தைப் புரட்டினார். ஒரு இடத்துல விரல் நின்னது. "உங்களுக்கும் குக்கர் விபத்துன்னுதான் போட்டிருக்கு. அப்ப உங்களுக்குத்தான் நல்லாத் தெரியணும். சொல்லுங்க. இது குக்கரா, இல்லையா?"

பிள்ளை சிக்கிக்கிட்டா. குக்கர்தான்னா பரிட்சையில தப்பு, வேலை போச்சு. குக்கர் இல்லைன்னா அடுத்த கேள்வி அவ கையைப் பத்தித்தான். பொய் எழுதிக் கொடுத்தவளுக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கிற வேலையை எவன் கொடுப்பான்? அந்தக் கட்டத்துல அதை அடிச்சவ நான். எனக்கு என் கையையே முறிச்சுப் போடலாம்போல இருந்தது.

மீனா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவர் கடிகாரத்தைப் பாத்தார். "வெளிய இன்னும் முப்பது பேர் இருக்காங்கம்மா. பரவாயில்ல, நீங்க..."

"அது குக்கர் இல்லைங்க சார்."

சொல்லுறது சொர்ணம்னு எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு.

"அம்மா, நீங்க பேசக் கூடாது."

"தெரியும் சார். நான் அஞ்சாப்புதான் படிச்சவ. இதுல என்ன எளுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. போட்டோவைப் பாத்தேன். குக்கர்னா மூடி பறக்கும், ஆவி மூஞ்சிலயும் நெஞ்சுலயும்தான் அடிக்கும். இந்தப் பிள்ளைக்கு உள்ளங்கையில அடிச்சிருக்கு. எதையோ இறுக்கிப் புடிச்சிருக்கான் சார். சுத்திக் கறுப்பாப் புள்ளி இருக்கு பாருங்க, அது வெடிமருந்து. உள்ள ஏறியிருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எம்மக கையும் அப்படித்தான் இருந்துச்சு."

மீனா திரும்பிப் பாத்தா. சொர்ணம் அவளைப் பாக்கல. மேசையில இருந்த போட்டோவைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"தீவாளிக்கு இருபது நாளு இருக்கும் சார். சரவெடி பின்னி முடிச்சு ஒரு சின்னச் சாக்குல கட்டி வீட்டுக்குள்ள வச்சிருந்தோம். இவ அப்பா லோடு ஏத்தப் போயிட்டாரு. ஆபீசர் ஜீப்பு வருதுன்னு தெருவுல சத்தம். நான் வாசல்ல நின்னுக்கிட்டு, ஏட்டி, சாக்கை இழுத்துக் கட்டிலுக்கடியில தள்ளுன்னேன். தூக்கணும் சார், இழுக்கக் கூடாது. உரசினா புடிச்சிரும். ஆலையில முத நாளு சொல்லிக் கொடுக்கிறதே அதான். எனக்கு அது தெரியும். இவளுக்கு என்ன தெரியும், பதினோரு வயசு. இழுன்னது நான்."

"ஜீப்?"

"ஜீப்பெல்லாம் ஒண்ணும் வரல சார். அது தண்ணி லாரி."

அவர் பேனாவைக் கீழ வச்சார்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போனா போலீசுக்கு எளுதுவாக, இவ அப்பாவைப் புடிச்சிட்டுப் போயிருவாக, பொளப்பு போயிருமேன்னு ஒரு சின்ன கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்கன இருந்த டாக்டர் கேட்டாரு. அம்மா, இது ஆவி பட்டதா, மருந்து வெடிச்சதா, எதுன்னாலும் மறைக்காம சொல்லு, மருந்துன்னா உள்ள இருக்கிற பொடியக் களுவி எடுக்கணும், என்னால முடியாது, இப்பவே மதுரைக்குக் கொண்டு போன்னாரு. நான் ஆவின்னேன். மறுநாளும் வந்து கேட்டாரு. மறுநாளும் ஆவின்னேன். மூணாம் நாளு விரலு கறுத்துப்போச்சு. மதுரையில கொண்டு போட்டதும் எடுத்துட்டாக. முதல்லயே வந்திருந்தா ஒரு விரலாவது நின்னிருக்கும்னு அங்க சொன்னாக. இவ விரலு போனதுக்கு நான்தான் சார் காரணம். இவ பொய் சொல்லல. சொல்லச் சொன்னது நான். இவளுக்கு வேலை கொடுக்காம விட்டுறாதீக."

இவ்வளவையும் சொல்லி முடிச்சிட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. பதினாலு வருசமா எதிர்வீட்டுல இருக்கேன். அந்தக் கிளினிக் டாக்டர் கேட்டது எனக்கே தெரியாது. தகட்டுக் கை எதுக்குன்னு அவளை நக்கலாக் கேட்டவ நான். மாரியம்மன் முன்னாடி வருசா வருசம் நின்னு என்ன சொல்லியிருப்பான்னு இப்பத்தான் நினைச்சுப் பாத்தேன்.

சரவணக்குமார் நாலாவது ஃபைலை மீனா பக்கம் தள்ளினார். "அம்மா சொன்னது அம்மாவுக்கு. நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க."

மீனா அதைத் தொடல. "நான் இல்லைன்னு எழுதினா, இந்த மாதிரி வீட்டுக்குப் பணம் வராதுல்ல சார்?"

"இது பழைய பேப்பர்தான். நிஜ வேலையில வந்தா விசாரிப்பாங்க. வராமலும் போகலாம்."

"அதான் சார் எழுதல."

"இதே மாதிரி பேப்பர் பாதி எங்களுக்கு வர்றது ஆள் ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது. செலவை இன்சூரன்ஸ் ஏத்துக்குமான்னு ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டு அனுப்புவாங்க. 'இது குக்கர் மாதிரித் தெரியல'ன்னு நீங்க ஒரு வரி எழுதினா, அது அன்னைக்கே அந்த டாக்டர் கைக்குப் போகும். அவங்களுக்குப் பணம் வருமா வராதான்னு என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாதும்மா. ஆனா டாக்டருக்குத் தெரியும்."

மீனா ரொம்ப நேரம் அந்தப் போட்டோவைப் பாத்தா. பேனாவை எடுத்தா. விசாரிக்கணும்னு டிக் பண்ணி, கீழ எழுதினா. 'குக்கர் அல்ல. வெடிமருந்து. காயத்தைத் திறந்து கழுவ வேண்டும். உடனே.' ரெண்டு வரி கேட்டார், அவ நாலு சின்ன வாக்கியம் எழுதினா. அப்புறம் அவர் கையில இருந்த தன் படிவத்தைக் கேட்டு வாங்கினா. நான் அடிச்சிருந்த 'குக்கர்'ங்கிற வார்த்தையைக் கோடு போட்டு அடிச்சிட்டு, மேல 'பட்டாசு'ன்னு எழுதி, பக்கத்துல கையெழுத்தும் போட்டா.

பணியாணையை அங்கனயே கொடுத்துட்டாக. ஜூன் ரெண்டாம் தேதி மதுரை ஆபீசுல சேரணும். கவர்மென்ட் ஆளுக வந்து போட்டோ எடுத்தாக. மீனா அந்தத் தாளை ரெண்டு கையாலயும் நெஞ்சுக்கு நேரா விரிச்சுப் பிடிச்சா. அதுவரைக்கும் எந்தப் போட்டோவுலயும் வலது கையை அவ வெளிய காட்டி நான் பாத்ததில்ல.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில சாப்பிட உக்காந்தோம். விருதுநகருக்கு வந்துட்டு எண்ணெய்ப் புரோட்டா திங்காமப் போறதான்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன். யாராவது எதையாவது பேசணுமேன்னு இருந்தது எனக்கு. கடைக்காரன் மொறுமொறுன்னு பொரிச்சு எடுத்து, இலையில போட்டு, நொறுக்கி, சால்னா ஊத்தினான். சொர்ணம் தன் இலையைத் தொடவே இல்ல.

"இவ அப்பாட்ட என்னக்கா சொல்ல?"ன்னா எங்கிட்ட.

"வேலை கெடைச்சிருச்சுன்னு சொல்லு. மிச்சத்தை நான் சொல்லுதேன். அவரு மொறைச்சா எங்கிட்ட மொறைக்கட்டும்."

"கேஸு கீஸுன்னு வந்தா?"

"வந்தா பாப்போம். ஒம்பது வருசமாச்சு, இனிமே எவன் வரப்போறான்? சாப்பிடு முதல்ல."

அவ சாப்பிடல. மகளையே பாத்துக்கிட்டிருந்தா. மீனா ரெண்டு விரலால புரோட்டாவை அள்ளி நிதானமாத் தின்னுக்கிட்டிருந்தா. சால்னா மணிக்கட்டு வரைக்கும் ஒழுகினது. சொர்ணம் கையை நீட்டி அதைத் துடைக்கப் போனா, பாதியில நிறுத்திக்கிட்டா.

"ஏம்மா, அம்மா மேல கோவமா?"

மீனா மென்னு முழுங்கிட்டுத் தண்ணி குடிச்சா.

"இல்ல."

"ஏதாச்சும் சொல்லுடி. திட்டவாவது செய்."

"நான் அன்னைக்கு முழிச்சுத்தாம்மா இருந்தேன்."

"என்னைக்கு?"

"கிளினிக்குல. டாக்டர் உங்கிட்ட ஆவியா மருந்தான்னு கேட்டப்ப. கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன், ஆனா முழிச்சுத்தான் இருந்தேன். ரெண்டு நாளும்."

நான் சொர்ணம் முதுகுல கையை வச்சேன்.

"எல்லாம் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்ப ஏன்டி இத்தனை வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

மீனா இலையை மடிச்சா.

"நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்"னா.